சேலத்தில் 96, ஏற்காட்டில் 93: காசநோயாளியின் இரத்தம் எவ்வளவு ஆக்சிஜன் சுமக்கிறது?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தன் அப்பாவைப் பற்றி, சேலத்தில் படிக்கும் மகள் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 54, எடை 43 கிலோ. பீடிப் பழக்கத்தை விட்டுவிட்டார். சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் உறுதியாகி, முதல் இரண்டு மாத மாத்திரைகள் முடிந்து, அடுத்த கட்டம் தொடங்கியிருக்கிறது. காய்ச்சலும் இருமலும் அடங்கிவிட்டன. ஆனால் தோட்டத்து மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 93 காட்டுகிறது. பரிசோதனைக்காகச் சேலத்துக்கு வந்தால் 96 காட்டுகிறது. ஹீமோகுளோபின் 9.2. மூன்று புள்ளி குறைவதால் அவரை மலையிலிருந்து கீழே அழைத்து வந்துவிட வேண்டுமா, 96 இருக்கும்போதும் மூச்சு வாங்குவது ஏன், மருந்துக் கடையில் எடுத்துக் கொடுத்த ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரையையும் இரும்புச்சத்து டானிக்கையும் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நெஞ்சக நோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் நீங்கள் கவலைப்படும் எண் 93. நான் கவலைப்படும் எண் 9.2. இது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மாத்திரை, டானிக் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. அந்தக் கருவி எதை அளக்கிறது என்பது மட்டும் வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு பேருந்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன என்று ஒருவர் சொன்னால், ஏற்காடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பதினைந்து பேருந்து ஓடிய தடத்தில் இப்போது ஒன்பதுதான் ஓடுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் அளவு அந்தப் பேருந்துகளின் எண்ணிக்கை.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுமையாக நிரம்பினால் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இரத்த நீரில் கரைந்து செல்வது மிகச் சொற்பம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.3 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஹீமோகுளோபின் 15 கிராம் உள்ள நலமான ஆண் ஒருவரின் தமனி இரத்தம் 97 விழுக்காடு நிரம்பியிருந்தால், ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு 9.2 கிராம். சேலத்தில் 96 விழுக்காடு என்றால், 100 மில்லிலிட்டரில் 12 மில்லிலிட்டர். ஏற்காட்டில் 93 விழுக்காடு என்றால் 11.7 மில்லிலிட்டர். மலை ஏறியதால் அவர் இழப்பது அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. இரத்தசோகையால் அவர் இழந்து நிற்பதோ எட்டு மில்லிலிட்டருக்குப் பக்கம். ஹீமோகுளோபின் 12 ஆக உயர்ந்தால், அதே ஏற்காட்டில், அதே 93 விழுக்காட்டில், அவர் இரத்தம் 15 மில்லிலிட்டர் சுமக்கும். மலையிலிருந்து இறங்கிச் சேலத்தில் வாடகைக்கு வீடு பிடிப்பதால் கிடைக்கும் லாபத்தைப் போல இது பல மடங்கு.

மூச்சு வாங்குவதற்கான காரணமும் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது வளர்ந்த மனிதர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. அதில் 1000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போகும். உடல் எடுத்துக்கொள்வது 250 மட்டுமே. மீதி கையிருப்பு. உங்கள் அப்பாவின் இரத்தத்தில் அதே 5 லிட்டருக்கு 600 மில்லிலிட்டர்தான் போகும். உட்கார்ந்திருக்கும்போது இது தாராளமாகப் போதும். அதனால்தான் திண்ணையில் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கூடையோடு மேட்டில் ஏறும்போது தேவை சில மடங்காகிறது. கையிருப்பு சட்டென்று தீர்ந்துபோக, இதயம் வேகமாக அடித்தும், மூச்சு வேகமாக ஓடியும் அதைச் சரிக்கட்டப் பார்க்கின்றன. ஆக்சிமீட்டர் அப்போதும் 93-ஐ ஒட்டியே காட்டக்கூடும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு.

இனி அந்த மூன்று புள்ளிகளுக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போவதற்குள் காற்றழுத்தம் 735 மி.மீ. பாதரசத்திலிருந்து 635 அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு இடத்திலும் 21 விழுக்காடுதான். அதைத் தள்ளும் அழுத்தம்தான் குறைகிறது. நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள், நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் உரிய இடத்தைக் கழித்த பிறகு, சேலத்தில் 95 மி.மீ. அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் ஏற்காட்டில் 75 மி.மீ. அளவுக்கு வரும். இருபது மி.மீ. குறைந்தும் விழுக்காட்டில் சில புள்ளிகள்தான் குறைகின்றன என்றால், அது ஹீமோகுளோபினின் இயல்பு. அழுத்தம் 100-லிருந்து 60 வரை இறங்கினாலும் அதன் நிறைவு 97-லிருந்து 90-க்குத்தான் வரும்; 60-க்குக் கீழே போன பிறகுதான் சரிவு செங்குத்தாகும். நலமான நுரையீரல் உள்ளவருக்கு ஏற்காட்டில் 95, 96 சாதாரணம். உங்கள் அப்பாவுக்கு 93 என்றால், உயரத்தின் பங்கு போக, நோயின் பங்கும் ஒன்றிரண்டு புள்ளி அதில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த நோயின் பங்கு எங்கிருந்து வருகிறது? காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் குடிகொள்கிறது. காரணங்களுள் ஒன்று, அங்கே காற்றோட்டத்துக்கு ஏற்ற இரத்த ஓட்டம் இல்லாததால் ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்திருப்பது. கிருமிக்கு ஆக்சிஜன் வேண்டும். அது தாக்கிய இடத்தில் காற்றுப் பைகள் அழிந்து குழி விழும்போது, அங்கே வரும் இரத்தக் குழாய்களும் சேர்ந்தே அழிகின்றன. காற்று வராத இடத்துக்கு இரத்தமும் போவதில்லை. மேலும், ஆக்சிஜன் குறைந்த பகுதியின் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கி இரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுகின்றன. 1946-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களான ஃபான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் விவரித்த இயக்கம் இது. இதனால்தான் எக்ஸ்ரே படத்தில் பாதி நுரையீரல் வெளுத்துத் தெரியும் நோயாளிக்கும் சில சமயம் ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது. படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதும், எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள் நோயாளி நடந்தவுடன் அது 88-க்குப் போவதைப் பார்த்துத் திகைப்பதும் எங்கள் பிரிவில் வழக்கமான காட்சிகள்.

நடக்கும்போது ஏன் இறங்குகிறது என்பதைச் சிவப்பணுவின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். காற்றுப் பையைச் சுற்றியுள்ள நுண்குழாய் சிவப்பணுவை விடவும் குறுகலானது. அணு தன் உடலை மடக்கிக்கொண்டுதான் அதற்குள் நுழைகிறது. ஓய்வில் அந்தக் குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது. நல்ல நுரையீரலில் கால் விநாடிக்குள்ளேயே ஆக்சிஜன் ஏறிவிடும் என்பதால் அரை விநாடி மிச்சம். உழைக்கும்போது இரத்தம் விரைந்து ஓடுவதால் கடக்கும் நேரமே கால் விநாடிதான். தழும்பேறித் தடித்த காற்றுப்பைச் சுவர் வழியாக ஆக்சிஜன் அந்த நேரத்துக்குள் முழுமையாக நுழைய முடியாமல், அணு முழுதாக நிரம்பாமலேயே வெளியேறுகிறது. தடித்த சுவரோடு, மடங்க மறுக்கும் விறைத்த சிவப்பணுவும் சேர்ந்துகொண்டால் நிலைமை மேலும் மோசமாகும். சிவப்பணு விறைப்பது ஏன் என்பதில்தான் ஆக்சிஜனேற்றம், அதாவது வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் செல்லைத் தாக்கிச் சிதைப்பது, உள்ளே வருகிறது. நீங்கள் கேட்ட ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரை இதைத் தடுப்பதாகச் சொல்லித்தான் விற்கப்படுகிறது.

கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களும் நியூட்ரோஃபில் செல்களும், சுவாசித்த ஆக்சிஜனின் ஒரு பகுதியைக் கொண்டு சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகியவற்றைத் தயாரித்துக் கிருமியின் மேல் கொட்டுகின்றன. இது உடலுக்குத் தேவையான வேலை. இந்தத் தயாரிப்புக்குரிய நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பி.சி.ஜி. தடுப்பூசியிலுள்ள வலுக்குன்றிய கிருமியே கடும் நோயைத் தந்துவிடும். ஆகவே ஆக்சிஜனேற்றம் என்றாலே கெடுதல் என்று மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து நம்ப வேண்டாம். சிக்கல் என்னவென்றால், காசநோயில் இந்தச் சண்டை மாதக்கணக்கில் நீள்கிறது. கொட்டியதில் ஒரு பகுதி கிருமியைத் தாண்டி நுரையீரல் திசு மேலும், இரத்தத்தின் மேலும் படுகிறது. செல்களின் கொழுப்புப் படலம் ஆக்சிஜனேற்றமடைந்து சிதையும்போது உண்டாகும் மாலோண்டைஆல்டிஹைடு என்ற பொருள் நோயாளிகளின் இரத்தத்தில் உயர்ந்திருப்பதையும், அதைத் தடுக்கும் குளுட்டாதயோன், வைட்டமின் ஏ, சி, ஈ, துத்தநாகம், செலினியம் போன்றவை தாழ்ந்திருப்பதையும் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சிகிச்சை சரியாக நடந்தால் இந்த இரண்டும் பெரும்பாலும் இயல்பை நோக்கித் திரும்புகின்றன.

சிவப்பணுவுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. ஆக்சிஜனையும் இரும்பையும் ஒரே இடத்தில் அடைத்துவைத்திருக்கும் செல் அது. நோய் எதுவும் இல்லாத நாளிலும் ஹீமோகுளோபினில் நாளொன்றுக்கு 3 விழுக்காடு வரை தானாகவே ஆக்சிஜனேற்றமடைந்து மெத்ஹீமோகுளோபினாக மாறுகிறது. அந்த வடிவம் ஆக்சிஜனைச் சுமக்காது. மாறும்போதெல்லாம் ஒரு சூப்பராக்சைடும் வெளிவருகிறது. அணுவுக்குள் உள்ள நொதிகள் இதை உடனுக்குடன் திருத்துவதால் மெத்ஹீமோகுளோபின் 1 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. ஆனால் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பழுதான நொதிக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துகொள்ள அதனால் முடியாது. பிறந்தபோது கொண்டுவந்த நொதிகளை வைத்துக்கொண்டே 120 நாள் ஓட்ட வேண்டும். நோயின் ஆக்சிஜனேற்றச் சுமை வெளியிலிருந்தும் சேரும்போது அதன் குளுட்டாதயோன் குறைகிறது, படலம் விறைக்கிறது, மடங்கி நுழைய முடியாத அணுவை மண்ணீரல் நாள் முடியுமுன்பே பிடித்து அழித்துவிடுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் திறனும் ஆக்சிஜனேற்றச் சமநிலையும் ஒரே செல்லுக்குள் பின்னிக் கிடப்பது இப்படித்தான்.

அணு சீக்கிரம் அழிந்தால், எலும்பு மச்சை புதிதாகச் செய்து ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். காசநோயில் அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. அழற்சி நீடிக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதையும், மேக்ரோபேஜுக்குள் சேமித்த இரும்பு வெளிவருவதையும் தடுத்துவிடுகிறது. கிருமிக்கும் இரும்பு இன்றியமையாதது. அதை எடுக்க மைக்கோபாக்டின் என்ற பொருளை அது தானே தயாரிக்கிறது. அதனால் உடல் இரும்பைப் பூட்டிவைப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. விளைவு, உடலில் இரும்பு இருந்தும் மச்சைக்குக் கிடைக்காத இரத்தசோகை. இந்த வகைக்கு டானிக் ஊற்றினால் பெரும்பகுதி பயன்படாமல் போகும். கட்டுக்குள் இல்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்தால், ஆக்சிஜனேற்றத்திலேயே மிகக் கொடிய ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டாகும். காசநோய் மருந்து அழற்சியை அடக்க அடக்க, பலருக்கு டானிக் எதுவும் இல்லாமலே ஹீமோகுளோபின் ஏறுகிறது.

ஆனால் உங்கள் அப்பா தோட்டத் தொழிலாளி. மழை ஈரத்தில் செருப்பில்லாமல் மண்ணில் நிற்கும் வேலை என்பதால், கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் அது உண்மையான இரும்புப் பற்றாக்குறை, அதற்கு இரும்பு தேவை. இரண்டையும் பிரித்தறிய ஹீமோகுளோபின் எண் மட்டும் போதாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு, மலப் பரிசோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். அழற்சி உள்ளபோது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும் என்பதால் அதைத் தனியாக வைத்து முடிவுசெய்யக் கூடாது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் மாத்திரை வைட்டமின் பி6-ஐ உடலிலிருந்து குறைக்கிறது; ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி உருவாவதற்கு பி6 தேவை. கை கால் எரிச்சல், மதமதப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சேர்த்துத் தரப்படும் பைரிடாக்ஸின் (பி6) மாத்திரையை ‘சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிட வேண்டாம்.

ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரையைப் பற்றி என் கருத்து கடுமையானது: வேண்டாம். இரத்தத்தில் ஒரு வைட்டமின் குறைந்திருக்கிறது என்பதிலிருந்து, அதை மாத்திரையாகக் கொடுத்தால் நோய் விரைவில் குணமாகும் என்பது பெறப்படாது. காசநோயில் தனி வைட்டமின் மாத்திரைகளுக்கு அப்படியொரு பயன் ஐயமற நிறுவப்படவில்லை. பீடி பிடித்த நுரையீரலுக்கு இதில் ஆபத்தும் உண்டு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. 1994-இல் வெளியான இந்த முடிவு, ஆன்டிஆக்சிடென்ட் என்றால் நன்மைதான் என்ற நம்பிக்கையை உலுக்கியது. வைட்டமின் சி காசநோய்க் கிருமியைக் கொல்கிறது என்ற செய்தியும் உங்களுக்கு வந்திருக்கலாம். 2013-இல் சோதனைக் குழாயில் அது காட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அங்கே அது கொன்றது இரும்போடு சேர்ந்து ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டியதால். அதாவது ஆன்டிஆக்சிடென்ட் என்று விற்கப்படும் பொருள் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்து கொன்றது. அதை வைத்து நோயாளிக்கு அளவு நிர்ணயிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஆனால் பொருளுக்கு நெருக்கமானது. மேக்ரோபேஜ் கொட்டும் பெராக்சைடிலிருந்து தப்பிக்கக் கிருமியும் ஒரு கேட்டலேஸ் நொதியை வைத்திருக்கிறது. கேட்ஜி என்பது அதன் மரபணுவின் பெயர். உங்கள் அப்பா விழுங்கும் ஐசோனியசிட் தன்னளவில் வீரியமற்றது. கிருமியின் இதே நொதிதான் அதை வீரியமுள்ள மருந்தாக மாற்றுகிறது. தன்னைக் காக்க வைத்திருக்கும் நொதியாலேயே கிருமி சாகிறது. அந்த நொதியில் மாற்றம் ஏற்பட்ட கிருமி மருந்துக்குத் தப்புகிறது. ஐசோனியசிட் எதிர்ப்புக்கு மிகப் பெரிய காரணம் இதுவே என்பது 1992-க்குப் பிறகு தெளிவானது. ஆக்சிஜனேற்றச் சமநிலை கிருமியின் பக்கமும் இருக்கிறது என்பதைக் கடை மாத்திரையை விற்பவர் கணக்கில் எடுப்பதில்லை.

சமநிலையை உணவால் திருத்துவது வேறு விஷயம். அதற்கு என் முழு ஆதரவு உண்டு. 43 கிலோவில் உள்ளவருக்குக் குளுட்டாதயோன் குறைவதற்குக் காரணம், அதைக் கட்டும் சிஸ்டீன் முதலான அமினோ அமிலங்கள் உணவில் கிடைக்காததும் தசை கரைந்ததும். தினம் இரண்டு முட்டை, வேர்க்கடலை, பருப்பு, கேழ்வரகு, முருங்கைக் கீரை, முடிந்தபோது மீன் அல்லது கறி. கூடவே மலையில் தாராளமாகக் கிடைக்கும் கொய்யாவும் ஆரஞ்சும். இவை எந்த அட்டைப் பெட்டி மாத்திரையைக் காட்டிலும் மேல். காபித் தோட்டத்தில் சொல்லக் கூடாத சொல்லாக இருந்தாலும் சொல்கிறேன்: சாப்பாட்டோடு காபி வேண்டாம், அது உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். ஊட்டச்சத்துக்கான அரசு உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மதுவை அறவே நிறுத்த வேண்டும். காசநோய் மருந்துகளான ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் கல்லீரலின் மேல் வைக்கும் சுமையோடு அது சேர்ந்தால், குளுட்டாதயோன் முதலில் தீர்ந்துபோவது கல்லீரலில்தான்.

பீடியை அவர் விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே விட்டாரா என்பதை அன்பாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆக்சிமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. கருவியோ அந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிட்டுக் காட்டுகிறது. ஒன்பது கிராமில் ஒரு பகுதி இப்படியும் முடங்கினால் என்ன மிஞ்சும்? தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டுக்குள் விறகடுப்பு இருந்தால் அதே கேடு அங்கேயும் உண்டு.

அளக்கும் முறையையும் சரிசெய்ய வேண்டும். ஏற்காட்டில் பனிமூட்டமான காலையில் விறைத்துப்போன விரலில் மாட்டினால் எண் குறைந்தே காட்டும், அல்லது தாவிக்கொண்டே இருக்கும். கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்து அளக்கிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி கண்ட வழி அது. குளிரில் விரலுக்கு இரத்தம் குறைந்தால் அந்தத் துடிப்பே மங்கிவிடும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, அரை நிமிடம் எண் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். கருவி காட்டும் நாடித் துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் துடிப்பும் ஒத்திருந்தால்தான் அந்த விழுக்காட்டை நம்பலாம். அப்போதும் இரண்டு மூன்று புள்ளி முன்பின் இருக்கலாம். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் குறையும் இந்தக் கருவிகளுக்கு உண்டு என்பது நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டியது. பிறகு சமதளத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். நான்கு புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், உட்கார்ந்தபோது பார்த்த எண்ணைவிட அதுதான் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. நடக்கும்போது 88-க்கு வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது மலையிலிருந்து இறக்குவது பற்றி. நீங்கள் கேட்பதற்கு நேர்மாறாக, காசநோய்க்கு மலைக்காற்றே மருந்து என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியங்களைக் குளிர்ந்த உயரங்களில் கட்டினார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நெருக்கடியான குடிசை வீட்டில் மாத்திரை சாப்பிட்டவர்களும், நல்ல உணவும் ஓய்வும் பெற்றுச் சானடோரியத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. காற்றும் உயரமும் இரண்டாம்பட்சம், மாத்திரை தவறாமல் உள்ளே போவதே முதன்மை என்பது நம் மாநிலத்திலேயே நிறுவப்பட்ட உண்மை. ஏற்காட்டில் வீடும் கவனிப்பாரும் இருந்து, மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது என்றால், 93 என்ற எண்ணுக்காக மட்டும் அவரை ஊர் மாற்ற வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த 93-ஐ மருத்துவரிடம் சொல்லாமல் விடக் கூடாது. 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருந்தாலோ, நிமிடத்துக்கு மூச்சு 24-க்கு மேல் இருந்தாலோ, பிடிமானமில்லாமல் நிற்க முடியாவிட்டாலோ, உடல் எடை உயரத்துக்கு ஏற்ற அளவைவிட மிகத் தாழ்ந்திருந்தாலோ, கடுமையான நிலையாகக் கருதி மருத்துவமனையில் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். 94 என்ற கோடு உயரத்துக்கு ஏற்றபடி மாற்றப்பட்டதில்லை. உங்கள் அப்பா அந்தக் கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நிற்கிறார். அதற்கு மலை காரணமா நோய் காரணமா என்று வீட்டில் நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் அவருடைய சிகிச்சையைக் கவனிப்பவரிடம் இரண்டு ஊர் எண்களையும், நடந்த பிறகான எண்ணையும், மூச்சு எண்ணிக்கையையும், ஹீமோகுளோபினையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 90-க்குக் கீழே போனாலோ, பேச்சு இடையில் அறுபடும்படி மூச்சு வாங்கினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, திடீரென்று ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழைத்துக் கீழே சேலம் அரசு மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். கடைசியில் சொன்னது நுரையீரல் உறையில் காற்றுக் கசிந்ததாக இருக்கலாம்.

ஆக்சிஜன் சிலிண்டர் அல்லது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் வாங்கி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அடுத்து யாராவது சொல்வார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன். வீட்டில் நெடுநாள் ஆக்சிஜன் என்பது, சிகிச்சை முடிந்து உடல் நிலைப்பட்ட பிறகும் ஓய்வில் 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்காக, தமனி இரத்தப் பரிசோதனை செய்து எடுக்கும் முடிவு. தேவையில்லாமல் செலுத்தும் ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு மிகுதியாக உண்டாகும். நுரையீரல் நெடுநாளாகப் பழுதுபட்டவர்களுக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கமும் வரலாம். 9.2 கிராம் ஹீமோகுளோபினை 93-லிருந்து 99 விழுக்காட்டுக்கு நிரப்பினாலும் கூடப்போவது, 100 மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

மருந்து முடிந்த பிறகும் சிலருக்குத் தழும்பு, மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் தமனி அழுத்த உயர்வு ஆகியவை தங்கிவிடுகின்றன. சளியில் கிருமி இல்லை என்ற சான்றோடு வீடு திரும்பியவர் ஓராண்டு கழித்து மூச்சு முட்டி வருவது இதனால்தான். ஆகவே ஆறு மாதம் முடியும் நாளில் சளிப் பரிசோதனையோடு நிறுத்திவிடாமல், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியையும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையையும் சேலத்தில் செய்துகொண்டு, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். அதுவரை ஹீமோகுளோபினையும் எடையையும் மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஏறாமல் நின்றுவிட்டால், மருந்து எதிர்ப்பு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான சோதனைகள் முன்பு செய்யப்பட்டனவா என்று கேட்டு, விட்டுப்போனதைச் செய்துகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டும்வரை மேட்டுப் பாத்திகளில் கூடை சுமக்கும் வேலை வேண்டாம். தோட்ட மேற்பார்வையாளரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி நாற்றங்கால் போன்ற சமதள வேலை கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.